எல்லாம் சரிட்டி, அனுப்பு

இன்று கம்பெனியில் ஸ்கிரீனின் அடியில் உன் வரி வந்தது: "எல்லாம் சரிட்டி, அனுப்பு." ஃபைலை சேவ் செய்ததும் வருகிற அதே வரி. ஆனால் எதுவும் சரியில்லை. லேபிளில் பேட்ச் நம்பரை நான் தப்பாக அடித்திருந்தேன். செத்த பிறகு உன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள்.

எடிட்டரில் அந்த வரியைக் காட்டும் ஸ்கிரிப்டை எழுதியவள், என்னோடு வேலை பார்த்த நீ. சேவ் கொடுத்தால் மூன்று வேலை வரிசையாக ஓடும்: லேபிளைச் சரிபார்ப்பது, உன் வரியைக் காட்டுவது, பேக்கிங் லைனில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்புவது. நடுவில் அரைப்புள்ளி போட்டால் முன்னது தோற்றாலும் பின்னது ஓடிவிடும் என்று, இரண்டிரண்டு '&' குறி போட்டாய். "முதல் வேலை தோத்தா அடுத்தது அசையக் கூடாதுட்டி" என்பாய். படப்பைக்காரி நான், உன் ஊர்ப் பேச்சின் அந்த 'ட்டி'க்காகவே முதலில் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

திறந்து பார்த்தேன். உன் குறிகள் இருந்த இடத்தில் அரைப்புள்ளிகள். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"லைன் சும்மா சும்மா நின்னுக்கினு கீதும்மா. ஒரு புள்ளி மாத்துனதுக்கு இன்னா இப்போ?"

அவர் கண்ணெதிரே பழையபடி மாற்றினேன்.

அவர்மேல் மட்டுமா கோபம்? நீ காய்ச்சலோடு பஸ் ஏறி வந்தாய். மாத்திரை போட்டாய், ஷிப்ட் பார்த்தாய், ஓ.டி.யும் பார்த்தாய். ஆஸ்பத்திரிக்குப் போ என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து போகிறேன் என்றாய். ஞாயிறு வந்தபோது ஐ.சி.யூ.வில் கிடந்தாய். டெங்கு. ஒரு லேபிளுக்குக் காட்டிய கறாரை உன் உடம்புக்குக் காட்ட என்னடி கேடு உனக்கு?

இப்போது என் மகளுக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஓ.டி. கேட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். "மாத்திரை குடுத்துட்டு வாம்மா, யார் வூட்லதான் காய்ச்சல் இல்ல?" என்றார் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரத்தம் எடுக்கப் போனேன். ரிசல்ட் நாளைக்குத்தான்.

சற்றுமுன் அவரிடமிருந்து மெசேஜ்: காலை ஷிப்டுக்கு வருகிறாயா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா? வேலை போனால் என்ன செய்வேனோ தெரியாது. இருந்தும் அடித்து அனுப்பிவிட்டேன்: "ரிசல்ட் நல்லபடியா வந்தாத்தான் சார் வருவேன்."

அவள் நெற்றி இன்னும் சுடுகிறது. நான் அசையப் போவதில்லை.