கேட்டு வாங்கிய பச்சை மிளகாய்

இன்று மாலை என் சின்னவன் கண்ணைக் கசக்கிவிட்டு அலறினான். கையெல்லாம் பச்சை மிளகாய்ச் சாறு. முகத்தைக் கழுவி, மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபோது என் விரல்களிலும் அந்த வாசம் ஏறிவிட்டது. உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். அவனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அவ்வளவு எரிச்சலிலும் அவன் "அம்மா" என்று கத்தவில்லை. இன்னும் ஒரு வார்த்தைகூட அவன் பேசவில்லை. அதைச் சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் சொன்னால் உடனே புத்தி சொல்ல உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கிள்ளான் பக்கம் மேருவில் நம் ஃப்ளாட் உனக்கு மறந்திருக்காது. இனிப்பு நீர் வியாதி முற்றிக் காலில் புண் வந்ததும் நீ கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டாய். நான் விடவில்லை. நம் மாடியில் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள் எல்லாம் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அப்போது மூன்று வயதுகூட ஆகாத என் மூத்தவள் தேவியும் அதில் ஒருத்தி.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து படியேறி வருகிறேன், என் மகள் ஒரு சில்வர் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வீடு வீடாக மிளகாய் கேட்டு நிற்கிறாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் வாசலில் வந்து கத்தினேன்.

"எம் புள்ளைய பிச்சை எடுக்க விட்டிருக்கியா? ரெண்டு மிளகா வாங்க உங்கிட்ட காசில்லயா?"

நீ நொண்டிக்கொண்டே போய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாய். கீழ்த்தட்டு முழுக்கப் பச்சை மிளகாய்.

"மத்தியானம் நானேதான் வீட்டுக்கு வீடு குடுத்து வச்சேன். சாயங்காலம் இதுங்க போய்க் கேட்டு வாங்கிட்டு வரும். கேக்காம யாரும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன் லா. கேக்குறதுக்கு வாயத் தொறந்துதானே ஆகணும்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நாமெல்லாம் மக்சிக் என்று கூப்பிடும் மூலைவீட்டு மலாய் அம்மாவிடம் "நாக் சிலி" என்று அவள் மொழியில் கேட்க வேண்டும், மிளகாய் வேண்டும் என்று. சீன அங்கிளிடம் எந்த மொழியிலும் கேட்கலாம், ஆனால் சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். தையல்காரர் மகன் ஒருவன் இருந்தானே, மூன்றரை வயது வரைக்கும் ஊமை மாதிரி. அவனை நீ தினமும் மக்சிக் வாசலுக்குக் கூட்டிப்போனாய். அவள் மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்ப்பாள். நீயும் பார்ப்பாய். கிண்ணம் காலியாகவே திரும்பும். அவன் அம்மா அழுவாள். "அவசரப்படாத டி. வார்த்தை உள்ளதான் இருக்கு, நாம வெளிய நின்னு கூப்பிடணும்" என்பாய். எத்தனை மாதம் கழித்தோ ஒரு நாள் அவன் "சீ" என்றான், சிலியில் பாதி. அன்றைக்கு அந்த மாடியே பாயசம் சாப்பிட்டது.

தேவியை இப்போது நீ பார்க்க வேண்டும். கிள்ளான் பாசாரில் விட்டால் மூன்று மொழியிலும் பேரம் பேசி, கடைக்காரரின் குடும்பக் கதையையும் கேட்டுக்கொண்டு வருவாள். வாசலில் நிற்கும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொள்கிறாள். அது என் பழக்கம் இல்லை, என் மாமியார் வீட்டுப் பழக்கமும் இல்லை. உன்னுடையது.

சின்னவன் பிறக்கும் முன்பே நாங்கள் ரவாங்குக்கு வந்துவிட்டோம். அவருடைய லோரி கம்பெனி இங்கே மாறியது, வேறு வழி இருக்கவில்லை. கைப்பிள்ளையாக இவனை உன்னிடம் கொண்டுவந்தபோது நீ ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்து படுத்திருந்தாய். "நடக்க ஆரம்பிச்சதும் எங்கிட்ட கொண்டாந்து விட்டுடு. உன் புருசன் லோரில ஏத்தி அனுப்பு" என்று சிரித்தாய். அவன் நடக்கத் தொடங்கியபோது நீ இல்லை.

இங்கே காவலுண்டு, நீச்சல் குளமுண்டு, தடித்தடியான கதவுகளுண்டு. நான் காலையில் கொமுட்டர் ரயில் ஏறி மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் அவன் காப்பகத்தில் இருக்கிறான். அங்கே டிவி பேசுகிறது. ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள், நன்றாகக் கேட்கிறதாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் நல்லவள். "காரணம் இதுதான்னு சொல்ல முடியாது அக்கா, நிறைய ஆளுங்களோட பழக விடுங்க" என்றாள். நிறைய ஆளுக்கு நான் எங்கே போவேன்?

உன் வழியைத்தான் செய்து பார்த்தேன். கிண்ணத்தைக் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் கதவுக்குப் பின்னால் நின்றேன். மணியை அழுத்தினான். கதவு திறக்கவில்லை. கதவில் பதித்த கேமராவிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் "யாரு, வீடு மாறி வந்துட்டீங்களா?" என்று கேட்டது. பிள்ளை அந்தக் கேமராவைப் பார்த்துக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினான். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில், பிள்ளைகளைத் தனியே நடைபாதையில் விட வேண்டாம் என்று மரியாதையாக ஒரு செய்தி வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மேருவுக்கே கூட்டிப்போனேன். உன் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். மக்சிக் மட்டும் இருந்தாள். கிண்ணத்தைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மிளகாயை எடுத்து வந்து, பழையபடி அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சும்மா நின்றான். அவள் கண் கலங்கியது. "கெசியான்" என்று இரக்கப்பட்டு மிளகாயை அவன் கைக்குள் வைத்து மூடிவிட்டாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவளைக் கொடுக்க விட்டிருக்க மாட்டாய்.

நீ இருந்திருந்தால் என்று நானும் ஆயிரம் முறை நினைத்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ரவாங்கில் இந்த நடைபாதையில் உன்னை மட்டும் கொண்டுவந்து விட்டால் நீயும்தான் என்ன செய்வாய்? மத்தியானம் யார் வீட்டில் மிளகாயைக் கொடுத்து வைப்பாய்?

அதனால் வீட்டுக்குள் நானே எல்லா வாசலிலும் நிற்கிறேன். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். அவன் அழுவான். என்னால் உன்னைப் போலத் தாங்க முடியாது, கொடுத்துவிடுவேன்.

இன்று சமைக்கும்போது மிளகாய் எடுக்கத் திரும்பினேன். அவன் எனக்கு முன்பே ஃபிரிட்ஜைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்திருந்தான். கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. கையை இறுக்கி மூடிக்கொண்டு, கண்கொட்டாமல் என் வாயையே பார்த்தான். அப்படியே நீ நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. அவன் அவசரப்படவில்லை. காத்திருந்தான்.

"மிளகா குடு, ஐயா" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

கையைத் திறந்தான். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் மிளகாய் நசுங்கிப் போயிருந்தது. அதை என் கையில் வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினான்.

இப்போது தூங்குகிறான். உன் பாடத்தை இந்த வீட்டில் ஒருவர் சரியாகப் படித்திருக்கிறார், கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று. ஆனால் கேட்டது நான். நாளைக்கும் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அவன் முன்னால் உட்காருவேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.