கடைசிப் பத்து நிமிடம்

சனிக்கிழமை இரவு, மஞ்சூர்.

ஊட்டியில் நடக்கும் பேய்ப்பட விழாவுக்கு இனிப் போகமாட்டேன். கல்லூரிக் காலத்தில் மின்சாரம் போனதால் முடிவு பார்க்காமல் விட்ட படத்தை இன்று போட்டார்கள். அதற்காகத்தான் போனேன். பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது, விழாவை நடத்தும் செல்வராஜ் படத்தை நிறுத்திவிட்டான். என்னோடு படித்தவன், என்னை மட்டும் விழாக் குழுவில் சேர்க்காதவன்.

"மஞ்சூர் கடைசி பஸ் கெளம்பப் போகுதுங்க. முடிவை நானே சொல்லிடறனுங்க" என்று மைக்கைப் பிடித்தான்.

"படத்தைப் போடுடா!" என்று கத்தினேன்.

"உனக்கும் அதே பஸ்தான், ஓடு" என்றான். அரங்கமே சிரித்தது.

காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினேன். பஸ்ஸிலும் எல்லோரும் முடிவைப் பற்றியே பேசியதால் கையை எடுக்கவில்லை. நடத்துனர் தோளைத் தட்டினார். சில்லறை கொடுக்கக் கையை எடுத்தேன்.

"ஏனுங்க, கடைசில அந்த டாக்டரம்மாதான் பேயாமா?" என்றார்.