ஒரு சான்று குறைகிறது

டீச்சர்,

உங்கள் பள்ளியின் அங்கீகாரப் புதுப்பிப்புக் கோப்பு போன மாதம் என் மேசைக்கு வந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் தாள்களில் குண்டூசி சீக்கிரம் துருப்பிடித்துவிடுகிறது. பிரிக்கும்போது பழுப்புக் கறை விரலில் ஒட்டியது. உள்ளே பழைய பக்கங்களில் உங்கள் கையெழுத்து. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பக்க எண் போட ஆரம்பித்தேன்.

முதன்முதலில் நீங்கள் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு வந்தது நினைவிருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்து, வெயிலில் நடந்து வந்து, விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தீர்கள். "எங்க ஸ்கூல எந்தக் கட்டத்துல போடுவீங்க சார்?" என்று கேட்டீர்கள். படிவத்தில் இரண்டே கட்டம்தான். சாதாரணப் பள்ளி என்றால் தேர்ச்சிக் கணக்குக் காட்ட வேண்டும். சிறப்புப் பள்ளி என்றால் அது வேண்டாம், ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் மாற்றுத்திறனாளிச் சான்று இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத்தான் சான்று இருந்தது. மற்றவர்கள் செங்கல் சூளையிலிருந்து வந்தவர்கள், நான்கு பள்ளிகளில் துரத்தப்பட்டவர்கள், அப்பா சிறையில் இருப்பவர்கள்.

"இவங்களுக்கு விதியில இடம் இல்லம்மா" என்றேன்.

"அதனாலதான் சார் எங்ககிட்ட வர்றாங்க" என்று சிரித்தீர்கள்.

ஆய்வுக்கு நான் வந்தேன். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வாடகைக் கட்டடம். சாய்தளத்தின் சரிவு, கழிப்பறைக் கைப்பிடி, வகுப்பறை அகலம், எல்லாம் சரியாக இருந்தன. பேச்சு வராத ரூபா, பதினொரு வயசு, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எல்லா அறைகளுக்கும் என்னோடு நடந்தாள். விடவே இல்லை. கடைசியில் சான்றுகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். இந்தப் பொண்ணுக்கு வாங்கிட்டா முடிஞ்சுது."

"அவங்க அம்மா வேணாங்கிறாங்க சார்."

"கெடு முடியப் பத்து நாள்தான் இருக்கு. மத்த பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ரூபாவின் அம்மா எஸ்தர், ஈசிஆர் சாலையில் ஒரு ஓட்டலில் அறை துப்புரவு செய்கிறவர். பெரியவள் ஜெனிபருக்குப் படாளத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "பேப்பர்ல எழுதி முத்திர குத்திட்டா பெரியவள எவன் கட்டுவான் டீச்சரம்மா?" என்று எஸ்தர் கேட்டதைப் பிறகு நீங்களே சொன்னீர்கள். மூன்று நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்தீர்கள். நாலாம் நாள் சம்மதித்தார். மருத்துவ முகாமில் ரூபா உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். சான்று வந்தது. அங்கீகார ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன்.

இரண்டு மாதத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றார்கள். எஸ்தர் உங்கள் பள்ளி கேட்டில் நின்று, "எம் பொண்ணு பேர வச்சி ஸ்கூல காப்பாத்திகினல்ல? நல்லா இரு!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு, ரூபாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இதைப் போனில் சொன்னீர்கள். "போகப் போகச் சரியாயிடும் டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு வேறு கோப்பு இருந்தது. அதன்பின் சனிக்கிழமை தவறாமல் எஸ்தர் வீட்டு வாசலுக்குப் போனீர்கள் என்று உங்கள் பள்ளி ஆயா சொல்லித்தான் தெரியும். கதவு திறக்கவில்லை.

பிறகு ஒரு காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே விழுந்தீர்கள். இறுதிச் சடங்குக்கு வந்தேன். மாலை போட்டேன். திரும்பும் வழியில் பசித்தது, சாப்பிட்டேன். அழவில்லை.

இப்போது வந்த கோப்பில் ரூபாவின் பெயர் இன்னும் இருந்தது. வருகைப் பதிவில் மூன்று வருடமாக ஒரு நாள்கூட இல்லை. பெயரை அடித்தால் மறுபடி ஒன்று குறையும். புதிய தலைமையாசிரியை, "இருந்துட்டுப் போகட்டுமே சார், யார் பாக்கப் போறாங்க?" என்றார். அந்தச் சனிக்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. ரூபா வளர்ந்துவிட்டாள். கால் நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. ஜெனிபர் மறைமலைநகரில் வேலைக்குப் போகிறாளாம், கல்யாணம் இன்னும் ஆகவில்லையாம். பள்ளி விஷயம் என்றதும் எஸ்தரே ஆரம்பித்தார்.

"அந்தம்மா செத்துட்டாங்கன்னு சொன்னாங்க சார். நான் போவல. இன்னா மூஞ்சிய வச்சிகினு போவேன்? அத்தினி வாட்டி வந்துச்சி. உள்ள இருந்துகினே கதவ தொறக்கல நானு."

"எஸ்தரம்மா, அந்தச் சான்று கேட்டது டீச்சர் இல்ல. நான்தான். ஒண்ணு குறையுதுன்னு சொல்லி அவங்கள உங்ககிட்ட அனுப்பினது நான்."

எஸ்தர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன்.

"கேட்டாண்ட நின்னு அவ்ளோ பேச்சு பேசினனே சார். ஆபீஸ்ல கேட்டாங்க, நான் கேக்கலன்னு அந்தம்மா ஒரு வார்த்த சொல்லலியே. ஏன் சார்?"

ரூபாவை அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

திங்கட்கிழமை ரூபாவின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். சான்று இல்லாவிட்டாலும் வேறு பள்ளி ஏற்காத பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதுவரை இந்தப் பள்ளிக்கு விலக்கு வேண்டும் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். விதியை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. பள்ளிக்கு மட்டும் ஒரு வருடம் தற்காலிக அனுமதி. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம், "நான் கேக்கல, மேல கேக்குறாங்க" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. அந்தக் கேட்டில் நீங்கள் ஒரே ஒரு முறை அதைச் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். சொல்லாமல் எஸ்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். இப்போதெல்லாம் யாராவது என் மேசை முன் வந்து நின்றால், அந்த வார்த்தை வாய் வரைக்கும் வருகிறது, டீச்சர். வந்து நின்றுவிடுகிறது.