இடாப்பில் பென்சிலால் ஒரு வரவு

லிங்கநகர்,
திருகோணமலை.
14 ஆகஸ்ட் 2002

என் அன்பு மகன் சிவநேசனுக்கு,

கோணேசப் பெருமானை முன்னிட்டு அம்மா வரைந்துகொள்வது. நானும் உமது தங்கை இராசமலரும் தேக சுகத்துடன் இருக்கின்றோம். பேர்கன் நகரத்துக் குளிரில் நீரும் மருமகளும் சின்னவளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்ற எண்ணத்துடன் பேனாவை எடுத்திருக்கிறேன். எனது முழங்கால் நோ முன்னரிலும் பார்க்கக் குறைவு. யுத்த நிறுத்தத்தின் பின்னர் கண்டி வீதியில் தடை குறைந்துள்ளதால் இராசமலர் சென்ற கிழமை தம்பலகாமத்துக்குச் சென்று எங்கள் காணியைப் பார்த்து வந்தாள். எரிந்த வீட்டில் மூன்று சுவர்களும் குசினிப் புகைக்கூடும் மாத்திரம் நிற்கின்றனவாம். தென்னைகளை யானை முறித்துவிட்டதாம். அதற்காக நீர் மனம் வருந்த வேண்டியதில்லை. சின்னவளுக்குக் காது குத்துவதை இனியும் பிற்போடாதிருப்பீராக.

மகன், இக்கடிதம் எழுதக் காரணம் வேறு. உமது அனுமதியைப் பெறாமல் உமது தொலைபேசி இலக்கத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் கிண்ணியா லாபிர், பேராதனையில் உம்முடன் ஒரே அறையில் இருந்தவர். இவ்விடத்திலேயே கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் முழுவதையும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் சொன்னால் நீர் கதையை மாற்றிவிடுவீர் என்பது எனக்குத் தெரியும், ஆகையினாலேயே எழுத்தில் தருகிறேன்.

ஞாயிறு பத்திரிகையை நான் முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் விலாசம் வரை வாசிப்பவள் என்பது நீர் அறிந்ததே. அதில், 1981ஆம் ஆண்டு பேராதனைப் பொறியியற் பீடத்துக்குப் பிரவேசித்தவர்கள் ஆகஸ்ட் பத்தாம், பதினோராம் திகதிகளில் உப்புவெளி விருந்தினர் விடுதியொன்றில் ஒன்றுகூடுவதாகவும், அனைவரும் சமுகமளிக்க வேண்டும் எனவும் கண்டிருந்தது. அனைவரும் என்றால் நீரும் அடக்கம்தானே. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் அழைக்கப்பட்டவர் ஊரில் இல்லையெனில் அந்த வீட்டிலிருந்து ஒருவர் போய் முகம் காட்டி வருவதே எங்கள் முறை. படித்தவர்களின் ஒன்றுகூடலுக்கு அந்த முறை கிடையாதென்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? இராசமலர் சிரித்தாள், இதென்ன அம்மா பூப்புனித நீராட்டு விழாவோ தட்டம் கொண்டு போக என்று கேட்டாள். நான் சட்டை செய்யவில்லை. அரியதரப் பலகாரம் சுட்டு, கதலிப்பழம் ஒரு சீப்பும் வைத்துத் தட்டத்தை மூடிக்கட்டி, அரக்குச் சேலையை உடுத்து முச்சக்கர வண்டியில் சென்றேன். யாராவது விசாரித்தால், கனகசுந்தரம் சிவநேசன் அவர்களின் சார்பில் சமுகமளித்திருக்கும் அன்னையாவேன் என்று கூறுவதற்கு வழி முழுவதும் மனனம் செய்துகொண்டே போனேன். சோதனைச் சாவடியில் துணியை விலக்கிப் பார்த்த சிப்பாயிடமும் அதையே கூறினேன், அவருக்கு விளங்கவில்லை.

மண்டபத்தில் முப்பது நாற்பது பேர், மனைவிமார், பிள்ளைகள். எவரும் என்னை விசாரிக்கவில்லை, யாரோ ஒருவருடைய தாயென்று எண்ணிக் கதிரை தந்து தட்டத்தை வாங்கி உள்ளே கொண்டு போனார்கள். சுவரில் ஒரு பட்டியல் மாட்டியிருந்தது. தலைப்பு வளைந்த ஆங்கில எழுத்துகளில் இருந்தபடியால் என்னால் வாசிக்க ஏலவில்லை, கீழே இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டினேன். பதினொரு பெயர்கள், நாலாவது உமது பெயர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிறப்புச் சித்தி பெற்றவர்களைக் கௌரவிக்கின்றார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். மூன்றாம் வருடத்தில் நின்றுபோன என் பிள்ளைக்கும் இவர்கள் விளக்கேற்றி வைத்திருக்கிறார்களே என்று, மகன், நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பின்னர் பேராசிரியர் அருளம்பலம் அவர்கள், வயது எழுபத்தைந்துக்குக் குறையாது, பழைய வரவு இடாப்பை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடத் தொடங்கினார். வகுப்பில் போலவே ஒவ்வொருவரும் கை தூக்கிப் பதில் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வராதவர்களுக்குக் கூட்டாளிமார் கள்ள வரவு சொல்ல, அவர் அன்றும் இப்படித்தான் என்னைப் பேய்க்காட்டினீர்கள் என்றார், சபை சிரித்தது. இடையிலே ஒரு பெயரைக் கூப்பிட்டபோது சிரிப்பு அடங்கி எல்லோரும் எழும்பி நின்றார்கள். எவரும் பதில் சொல்லவில்லை. பேராசிரியர் இடாப்பில் சிலுவை போன்று ஒரு குறியைக் காட்டித் தலை குனிந்தார். அப்பொழுதுதான் அந்தச் சுவரின் பொருள் எனக்கு விளங்கியது. எழும்பிப் போய்விடலாமா என்று எண்ணுவதற்குள் உமது பெயரைக் கூப்பிட்டார். முழு மண்டபமும் எழும்பி நின்றது. நான் எழும்பவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் கதிரையிலேயே இருந்தேன். மனனம் செய்த வசனத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அவன் இருக்கிறான் என்று மாத்திரம் சொன்னேன். உம்மை அவன் என்று அழைத்ததைப் பொறுத்துக்கொள்ளும்.

கதிரைகளைத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடி வந்தவர் லாபிர். தலைமயிர் கொட்டிவிட்டது, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருக்கிறார். என் காலடியில் தரையிலேயே இருந்துவிட்டார். எண்பத்தாறில் தம்பலகாமத்துக்கு உம்மைத் தேடி வந்தாராம். எரிந்த வீட்டைக் கண்டாராம். தடுப்பு முகாமிலேயே நீர் முடிந்துவிட்டீர் என்று யாரோ சொன்னதை நம்பினாராம். அழுகையும் சிரிப்புமாக, அம்மா, இவன்ட பேரில நான் தொழுது கேட்ட துஆவெல்லாத்தையும் திருப்பித் தரச் சொல்லுங்க என்றார்.

மகன், நீர் விடுதலையாகி வந்த அன்று பஸ் நிலையத்தில் வைத்து என்னிடம் சொன்னதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. ஆறாம் நாள் அடி தாங்காமல், உடன் இருந்தவர் யார் என்று கேட்டதற்கு லாபிரின் பெயரைச் சொல்லிவிட்டேன், அவன் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்றீர். பதினேழு வருடங்கள் நீர் ஒருவருக்கும் ஒரு வரி எழுதாதது இதனால்தான் என்பதை நான் அறிவேன். ஒன்றுகூடலில் வைத்து லாபிரிடம் அதைச் சொல்லிவிட்டேன். சரியோ பிழையோ, அது என்னுடைய பொறுப்பு. அவர் தரையிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பின்பு, ஆறு நாளா அம்மா, ஆறு நாள் தாங்கினவனா என்று கேட்டார். அந்த நாட்களில் படையினர் தன்னையும் பிடித்துச் சென்று இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். அவனுங்க கேக்க முன்னமே, முதல் அரைமணித்தியாலத்துக்குள்ள, அவன்ட ஊரு, வீடு, கூட்டாளிமார், உங்கட அரியதரத்துக்கு எவ்வளவு சர்க்கரை எண்டது வரைக்கும் சொல்லிப் போட்டன், அவன்ட முகத்தில முழிக்க ஏலாதெண்டு நான்தான் பயந்துகொண்டிருந்தன் என்றார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இருவரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு தேசத்தில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

உமது பெயரின் கீழிருந்த விளக்கை அமர்த்த எவருக்கும் மனம் வரவில்லை. நானே போய் விரலால் அமர்த்தினேன். பேராசிரியர் அந்தக் குறியை அழிறப்பரால் தேய்த்தார், பழைய கடதாசி, சற்றுக் கிழிந்துவிட்டது. அதன் பக்கத்தில் பென்சிலால் வரவு என்று எழுதினார். ஏன் ஐயா, மற்றவர்களுக்கெல்லாம் பேனையால் போட்டிருக்கின்றீர்களே என்று நான் மரியாதையுடன் ஆட்சேபித்தேன். அம்மா, நீங்கள் சொன்னதும் கள்ள வரவுதான், அவர் தன் வாயால் சொன்ன பிறகு மையால் எழுதுவேன் என்றார். அரியதரம் முழுவதும் முடிந்து தட்டம் வெறுமையாகவே திரும்பியது.

செப்டம்பர் ஏழாம் திகதி சனிக்கிழமை லாபிர் கிண்ணியாவிலிருந்து படகுப்பாதையில் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். பின்னேரம் நாலு மணிக்கு, உமக்கு அங்கே நண்பகல் பன்னிரண்டு, இங்கிருந்து உமக்கு அழைப்பார். புதிய குரல் கேட்டால் வைத்துவிடும் பழக்கம் உமக்கு உண்டு. மின்தூக்கி திருத்தும் வேலைக்கு அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளும். என்மீது கோபமென்றால் பிறகு என்னைத் தனியாகக் கடிந்துகொள்ளலாம், அதற்கு நான் ஆயத்தம். பேராசிரியரின் இலக்கத்தையும் லாபிர் குறித்து வைத்திருக்கிறார். தம்முடன் கதைத்து முடிந்ததும் அங்கேயும் எடுத்துத் தருவாராம். பேராசிரியர் இடாப்பைப் பார்த்து உமது பெயரைக் கூப்பிடுவார். நீர் என்ன பதில் சொல்ல வேண்டுமென்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

நீரும் மருமகளும் பேத்தியும் நோய் நொடியின்றி நீடு வாழ்க என வாழ்த்தி, காதை மூடும் தொப்பி போடாமல் வெளியே செல்ல வேண்டாம் என மீண்டும் ஞாபகப்படுத்தி முடிக்கும்,

உமது அன்னை,
கனகசுந்தரம் பாக்கியரத்தினம்