மண்ணைக் கேட்காத மதிப்பீடு

மச்சான்,

இன்று காலை ஈப்போவுக்கு வெளியே சாலையோரம் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிப் போட்ட சாம்பல் நிறச் சேற்றின் வாடை காருக்குள் வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகியும் அந்த வாடைக்கு நான் பழகவில்லை.

நாம் சேர்ந்து வீடு கட்டும் தொழில் நடத்தியபோது, இணையத்தில் செலவுக் கணிப்புப் பக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். கணக்கை அமைத்ததும் நான்தான். எத்தனை சதுர அடி என்று பக்கம் கேட்கும். நாம் முன்பு கட்டிய வீடுகளில் சதுர அடிக்கு ஆன சராசரிச் செலவால் அதைப் பெருக்கும். தரையும் கதவும் எந்தத் தரம், எத்தனை மாடி என்று பார்த்துக் கூட்டும், குறைக்கும். எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டிவிடும். நிலம் சமமானது, கெட்டியானது என்று தானாகவே வைத்துக்கொள்ளும்.

"மண்ணப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே" என்றாய்.

"கேள்வி கூடுனா ஆளு ஓடிருவாங்க லா" என்றேன்.

அந்தத் தொகையை அச்செடுத்துக்கொண்டுதான் ரோசி அக்கா வந்தார். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஈப்போ பக்கத்துச் செமோரில் இரண்டு மாடி வீடு வேண்டும் என்றார். அவரிடம் இருந்த பணமே அந்தத் தொகைதான்.

அஸ்திவாரம் தோண்டிய இரண்டாம் நாள் காலையில் குழிக்குள் தண்ணீர் ஊறியது. மேலே செம்மண், கீழே சாம்பல் சேறு. பழைய ஈயச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டி மூடிய இடம் அது. வேலையை நிறுத்தலாம் என்றாய். சொன்ன விலையை மாற்றப் பயந்து, "இன்னும் ரெண்டடி போனா கெட்டி மண்ணு வரும்" என்றேன்.

"சரி, பாத்துட்டு வாரேன்" என்று நீயே ஏணியில் இறங்கினாய்.

சத்தமே இல்லை. குழியின் ஒரு பக்க மண்சுவர் அப்படியே சரிந்து உன்னை நெஞ்சுவரை மூடியது. "மூச்சு விட முடியல மச்சான்" என்று மெதுவாகச் சொன்னாய். தோண்டும் இயந்திரத்தைக் கிட்டே கொண்டுவந்தால் மறுபக்கமும் விழும். பலகையால் முட்டுக்கொடுத்து, நானும் வேலையாட்களும் கையால் அள்ளினோம். அள்ள அள்ளச் சேறு திரும்பி வந்தது. வேலையைப் பார்க்க வந்திருந்த ரோசி அக்கா மேலே நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே இழுத்துப் போட்டதும் வாயில் தெறித்திருந்த சேற்றைத் துப்பிவிட்டு அவரிடம்தான் முதலில் பேசினாய். "அக்கா, அந்த வெலைக்கு இங்க ரெண்டு மாடி நிக்காது. ஆழமா தூண் எறக்கணும்."

"அப்ப கம்ப்யூட்டர் சொன்னது?"

"அதுக்கு மண்ணு தெரியாது அக்கா. நாங்க சொல்லிக் குடுக்கல."

என்னைக் கைகாட்டியிருக்கலாம். 'நாங்க' என்றாய்.

அக்கா மாடியை விட்டுவிட்டார். ஒரே தளம், ஆழமான தூண்கள்மேல். இன்றுவரை சுவரில் விரிசல் இல்லை. அடுத்த ஆண்டு உன் இதயம் நின்றது. அந்த விபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் டாக்டர். நான் இரண்டு முறை கேட்டேன்.

இப்போது அந்தப் பக்கத்தின் முதல் கேள்வி, உங்கள் நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பதுதான். 'தெரியாது' என்று குறித்தால் தொகை வராது. மண்ணைச் சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் வரும். பாதிப் பேர் அங்கேயே போய்விடுகிறார்கள். 'ரப்பர் தோட்டம்' என்று உறுதியாகச் சொல்பவர்களின் நிலத்தையும் நேரில் போய்ப் பார்க்கிறேன். முட்டுப் பலகை வைக்காத குழிக்குள் யாரையும் விடுவதில்லை. வைத்த பிறகும் முதலில் நானே இறங்குகிறேன். ஏணியின் கடைசிப் படியில் நின்று குழிச் சுவரைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன், மச்சான். பிறகுதான் காலைக் கீழே வைக்கிறேன்.