முறையிட்ட பக்கத்திலிருந்து ஓர் ஆள்

பாசமுள்ள அண்ணே,

நீ கர்த்தருக்குள் இளைப்பாறுகிறாய் என்று சொல்லித்தான் எல்லோரும் என்னைத் தேற்றுகிறார்கள். நம் தையல் யூனிட்டில் நீ பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே எப்படித்தான் சும்மா இருக்கிறாயோ?

வருகிற ஞாயிறு உன் வருஷ நினைவு ஜெபம். அதற்கு முன் ஒரு சேதியை நானே சொல்லிவிட வேண்டும். நம் சூப்பர்வைசர் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு உன் மச்சினன் சாமை நான் எடுக்கவில்லை. சரசக்காவை எடுத்திருக்கிறேன். குன்னத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற, திருநீறு பூசாமல் மெஷினில் உட்காராத அதே சரசக்காவைத்தான்.

கோபமா? முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

நீ ஆள் எடுக்கும் விதம் இந்தத் தெருவுக்கே தெரியும். தையலைப் பார்ப்பதற்கு முன்னால், "ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க பாப்போம்" என்பாய். உருக்கமாக ஜெபித்தவர்களுக்கு அன்றைக்கே மெஷின் கிடைத்துவிடும். சேதி பரவி, வாசலில் நின்று மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே வந்தவர்களும் உண்டு. ஒருவர் பதற்றத்தில் சாப்பாட்டு ஜெபத்தைச் சொல்லிவிட்டார், அவரையும் எடுத்தாய். விசுவாச வீட்டாருக்கு முதலில் நன்மை செய்யச் சொல்லியிருக்கிறது என்பாய். தெற்கிலிருந்து பிழைக்க வந்த நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் உன்னால்தான் அடுப்பு எரிந்தது. அதில் எனக்குக் குறையே இல்லை.

சரசக்கா மட்டும், "நான் முருகனத்தானுங்க கும்புடறேன்" என்று நேராகச் சொன்னார். அவசர ஆர்டர் இருந்ததால் சேர்த்துக்கொண்டாய்.

சூப்பர்வைசர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சரசக்கா, உனக்குப் பின் நான் உட்காரும் மேஜைக்கு வந்தார். "அம்மிணி, ஒன்னு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. வெள்ளத் துணி பண்டிலெல்லாம் எப்பவுமே சபைக்காரங்க பக்கமே போவுதுங்க. கோடு போட்டதெல்லாம் எங்க தலையில தானுங்களா?"

வெட்டிய துணிக் கட்டுகளைப் பிரித்துக் கொடுப்பவர் சூப்பர்வைசர்தானே. வெள்ளைத் துணி தடையில்லாமல் ஓடும். கோடு போட்டதில் இரண்டு பக்கக் கோடும் ஒன்றாக வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பிரித்துத் தைக்க வேண்டும். பீஸ் எண்ணிக் கூலி வாங்குபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில நாள் நின்று பார்த்தேன். சரசக்கா சொன்னது உண்மைதான். அவர் பக்கத்தில் தைக்கும் ஒடிசாப் பெண்களுக்கும் அதே கதி, கேட்கத்தான் அவர்களுக்குத் தமிழ் வரவில்லை. உனக்கு இது தெரியுமா, அண்ணே? தெரிந்தும் விட்டுவிட்டாயா?

நீ ஆரம்பித்த திங்கட்கிழமை ஜெபத்தை நான் நிறுத்தவில்லை. அந்த வாரம் நான் வாசித்தது ஆதிச் சபையில் வந்த பந்திச் சண்டையை. தினமும் பரிமாறும்போது எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று, எபிரெயு பேசுகிறவர்கள்மேல் கிரேக்கம் பேசுகிறவர்கள் முறையிடுகிறார்கள். பந்தியைப் பார்க்க ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்று அப்போஸ்தலர்கள் சொல்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த ஏழு பெயர்களையும் திக்கித் திக்கி வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. போதகர் ஐயாவிடம் கேட்டேன். "ஏழும் கிரேக்கப் பேர்தாம்மா" என்றார். அப்படியென்றால், யார் முறையிட்டார்களோ அவர்கள் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்து, பந்தியையே அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்!

நற்சாட்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. அதனால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "யார் பண்டில் பிரிச்சுக் குடுத்தா உங்களுக்கு மனக்குறை வராது?" என்று கேட்டேன். நம் சபைக்காரர்களில் பாதிப்பேர்கூடச் சரசக்கா பெயரைத்தான் சொன்னார்கள். சாமைப் பற்றிக் கேட்டால், "நல்லாப் பாடுவாப்ல" என்றார்கள்.

சரசக்கா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு உங்களாட்டம் ஜெபம் பண்ணத் தெரியாதுங்களே" என்றார். "ஜெபம் பண்ண நாங்க இருக்கோம்க்கா. நீங்க பண்டிலச் சரியாப் பிரிச்சுக் குடுங்க" என்றேன். இப்போது எல்லோருக்கும் ஒரு வெள்ளை என்றால் ஒரு கோடு. சாமுக்கும் அப்படித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தைக்கிறான், ஆனால் தைக்கிறான்.

அண்ணிதான் வெடித்துவிட்டார். "சாம் என்ன அசலூரானா? சபையில பாடுதான், வேதம் வாசிக்கான். அந்த ஏழு பேரும் விசுவாசிதான? இவ யாரு? உன்னைய அவிய என்ன பாத்து எடுத்தாவ? தங்கச்சின்னுதான?"

உண்மைதான். நீ என் தையலையும் பார்க்கவில்லை, ஜெபத்தையும் கேட்கவில்லை. ஏழு பேரைப் பற்றி அண்ணி கேட்டதும் நியாயமான கேள்வி. நானும் அதை வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறேன், இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தன் ஆட்களுக்கு மட்டும் நல்ல துணி போவதை ஆண்டவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து அண்ணி என்னோடு பேசவில்லை. கோவிலில் என் பக்கத்தில் உட்காருவதும் நின்றுபோனது. உன் வருஷ ஜெபத்துக்கே நான் வெளியாள் ஆகிவிடுவேனோ என்று பயந்துபோயிருந்தேன். நேற்று போன் வந்தது. "ஞாயித்துக்கெழம வந்துரு. அந்தச் சேதிய மட்டும் அங்க பேசாத" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

பேச மாட்டேன். உன் படத்துக்கு முன்னால் பாட்டுப் பாடி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு வருவேன். நீ இருந்திருந்தால் சாமைத்தான் எடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே: திங்கட்கிழமை காலையில் பண்டில் பிரிப்பது சரசக்காதான்.

உன்னை மீறியும் உன்னை நேசிக்கிற
தங்கச்சி எஸ்தர்