அழாத பிள்ளை

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று தலைமையாசிரியையிடம் கத்திவிட்டேன். மகள் யாழினிக்கு ஆட்டிசம் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதைச் சொல்லி, உதவி கேட்கத்தான் போனேன்.

"அவங்கம்மா வகுப்புல கூட உக்காரட்டுங்க. இல்லீன்னா ஊட்டியில சிறப்புப் பள்ளி இருக்குது."

என் மனைவி சரசு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் எஸ்டேட் வீட்டில் எங்களை விட்டுவைப்பார்களா? பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன்.

"சட்டம் எனக்கும் தெரியுமுங்க தம்பி. அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்திதான். அவ கேட்டைத் தாண்டி ஓடினா யாரு பாக்கறது? காட்டெருமை திரியற ஊருங்க."

சிறப்பாசிரியை என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம், வருவதே இல்லையாம். அதற்கு இந்த அம்மாவைத் திட்டி என்ன பயன்? யாரைத்தான் திட்டுவது?

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரசு என் மேல் பாய்ந்தாள்.

"பிள்ளைக்காம்பராவுல ஆயா என்ன சொல்லுச்சு? அழவே மாட்டா, தங்கமான புள்ளைன்னுச்சு. நீங்களுந்தானே பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

உண்மைதான். அம்மாக்கள் குழந்தையை விட்டுவிட்டு மலையேறும் அந்த அறையில் அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அவள் அம்மாவைத் தேடவே இல்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க எங்களுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

பிறகு, "நாளைக்குப் போட யூனிபார்மைத் துவைக்கணுமா?" என்று கேட்டாள். துவை என்றேன். இந்தப் பனியில் காயாது என்று அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாள். இப்போது தொட்டுப் பார்த்தேன், இடுப்புப் பட்டி இன்னும் ஈரம். ஈரமாக இருந்தாலும் போட்டுக் கூட்டிப்போவேன். பள்ளி வாசலில் என்ன பேசுவேன் என்றுதான் தெரியவில்லை.